தூண்டில் ரீலுக்கும் வேண்டும் ஓவராயில்



போன கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று கிளாஸ் மக்கள் புகார். அதனால் இந்த முறை மீன் :-) சரியாகச் சொன்னால் மீன்கூட இல்லை, மீன் பிடிக்கிற ரீல். இன்னும் சரியாகச் சொன்னால் அந்த ரீலுக்குள்ளே விடுகிற நாலு சொட்டு எண்ணெய். இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் காமர்ஸும் வரும், கல்வெட்டும் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பசங்க வாங்குகிற ஸ்பின்னிங் ரீல்கள் இரண்டு மழைக்காலம்கூடத் தாண்டாமல் மூலைக்குப் போவதற்குக் காரணம் மட்டமான சரக்கு மட்டும் இல்லை. 'இந்தத் தேதியில் இதைத் திறந்து பார்ப்பேன்' என்று யாரும் முடிவு செய்து வைக்காததுதான் பெரிய காரணம். எண்ணெய் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தேதிதான் கிடைப்பதில்லை.

ஏரிக்கரையில் ரீல்

உத்திரமேரூர் தெரியாத வெளியூர் நண்பர்களுக்கு: காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரியை நம்பி வாழும் ஊர். எங்கள் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்து வயிரமேக தடாகம் என்று பெயர். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து தண்ணீர் ஏறிவிட்டால் கரையில் தூண்டில்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். முன்பெல்லாம் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நைலான் நரம்பு, தக்கை, முள், ஒரு கொட்டாங்குச்சி மண்புழு. அவ்வளவுதான் மொத்த முதலீடு. அதில் எண்ணெய் போட ஒன்றுமே கிடையாது.

இப்போது கதை வேறு. விரால் அடிக்க ரப்பர் தவளை, அதை வீச ஃபைபர் ராடு, அதில் ஸ்பின்னிங் ரீல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கில் கல்பாக்கம் பக்கம் பாலாறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்கு கொடுவா பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். (2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது கடற்கரை முழுவதும் அவர்கள் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடலே கிடையாது. பைக்குக்கு அதெல்லாம் தெரியாது.)

ஆக, ஒரே ரீல் ஒரு வாரம் ஏரி வண்டலிலும் அடுத்த வாரம் உப்புத் தண்ணீரிலும் நனைகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்படியே கதவு மூலையில் சாத்தப்படுகிறது. ஏரி வற்றியதும் பரணுக்குப் போகிறது. அடுத்த ஐப்பசியில் இறக்கினால் கைப்பிடி சுற்ற மாட்டேன் என்கிறது.

தறியில் பிறந்த ஐடியா

ஸ்பின்னிங் ரீல் எங்கோ மேல்நாட்டு விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறோம். அதன் அடிப்படை காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிது இல்லை. தறியில் நாடாவுக்குள் தார் இருக்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? நாடா பாயும்போது தார் சுழலாது. சும்மா இருக்கும். நூல் மட்டும் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு வரும். ஸ்பின்னிங் ரீலிலும் அதே கதைதான். வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூல் சுழலாது. நரம்பு மட்டும் முன்பக்கமாக வளையம் வளையமாகக் கழன்று ஓடும்.

இது தற்செயல் இல்லை. 1905-ல் இங்கிலாந்தில் இந்த வகை ரீலுக்குப் பேட்டண்ட் வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் பிராட்ஃபோர்ட் பக்கத்து கம்பளி மில் முதலாளி. மில்லில் நூல் கழலும் விதத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். இன்னொரு தகவல்: இன்று ரீல் உலகில் பெரிய பெயரான ஷிமானோ 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கியபோது செய்த முதல் பொருள் சைக்கிள் ஃப்ரீவீல். மீன்பிடிச் சாமானுக்கு வந்தது 1970-ல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரீல் என்பது தறிக்கும் சைக்கிளுக்கும் சொந்தக்கார மெஷின். தறியையும் சைக்கிளையும் நம் ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. சைக்கிள் கடையில் 'ஓவராயில்' என்று ஒரு வார்த்தை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் பார்த்து, கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். இந்தப் பழக்கம் ரீலுக்கு மட்டும் வரவில்லை.

என் சித்தப்பா சைக்கிள் ரிப்பேர் பார்ப்பவர். போன மழைக்காலத்தில் என் நண்பன் ஒருவன் கரகரவென்று சத்தம் போடுகிற ரீலை அவரிடம் கொண்டுவந்தான். சென்னையில் ஒரு கடையில் காட்டினானாம். "சர்வீஸ் செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சித்தப்பா காதருகே வைத்து இரண்டு சுற்று சுற்றினார்.

"தம்பி, மணல் போன ஃப்ரீவீல் இப்படித்தான் கத்தும். கழட்டலாமா?"

"வாரண்டி போயிடாதுங்களா மாமா?"

"வாரண்டி கார்டு எங்க இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ரீல் சரியாகிவிட்டது. புதிதாக எந்தப் பாகமும் போடவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் மணலும் காய்ந்துபோன கிரீஸும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

கைப்பிடியைச் சுற்றினால் பெரிய பல்சக்கரம் சுழலும். அது சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும். அதோடு முன்பக்க ரோட்டர் சுழன்று நரம்பை ஸ்பூலில் சுற்றும். அதே நேரம் ஸ்பூல் மேலும் கீழும் போய்வந்து நரம்பைச் சமமாகப் பரப்பும்.

ஒரு சின்னக் கணக்கு. கியர் விகிதம் 5.2-க்கு 1 என்று போட்டிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.2 சுற்று. ஒரு காலையில் 100 முறை வீசுகிறோம், ஒவ்வொரு வீச்சுக்கும் 30 முறை கைப்பிடி சுற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி 3,000 சுற்று, ரோட்டர் 15,600 சுற்று. ஒரே காலையில்! இடையில் ஒரு மணல் துகள் மாட்டினால் அது இத்தனை ஆயிரம் தடவை பல்சக்கரத்தை உரசுகிறது.

உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அலுமினிய உடம்பும் இரும்பு ஸ்க்ரூவும் தொடுகிற இடத்தில் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அதுதான்.

செய்ய வேண்டியது

1. கடலுக்குப் போய் வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். கழுவும் முன் டிராக்கை (ஸ்பூல் மேல் உள்ள திருகு) நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள்; வாஷர்களுக்குள் தண்ணீர் போகாது. மெல்ல விழும் நல்ல தண்ணீர் போதும். பைக்கோடு சேர்த்து ரீலையும் வாட்டர் சர்வீஸ் கன்னில் அடிக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அந்த வேகம் உப்பை வெளியே தள்ளாது, உள்ளே ஏற்றிவிடும். பக்கெட்டில் முக்கி வைப்பதும் கூடாது.

2. துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும். மாதக்கணக்கில் இறுகியே இருந்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அழுந்திப்போகும். பிறகு மீன் இழுக்கும்போது நரம்பு சீராக ஓடாமல் விட்டு விட்டு ஓடும், அறுந்துவிடும்.

3. வேகமாகச் சுழலும் இடத்துக்கு ஆயில், பல் உரசும் இடத்துக்கு கிரீஸ். இதை மட்டும் ஞாபகம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. பேரிங், கைப்பிடிக் குமிழ், கம்பி வளையம் மடங்கும் இடம், லைன் ரோலர் இவற்றுக்கு ஒரு சொட்டு மெல்லிய ஆயில். பெரிய பல்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ். உருண்டை உருண்டையாக அப்பினால் கைப்பிடி மாவாட்டுகிற மாதிரி கனக்கும்.

4. லைன் ரோலரை மறக்காதீர்கள். நரம்பு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிற குட்டி உருளை அது. ரீலிலேயே அதிகம் அடி வாங்குவதும் அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு அதன் மேல் தேய்ந்து நைந்துபோகும். பெரிய விரால் போய்விட்டது என்று நரம்பைத் திட்டுவோம், குற்றவாளி இவராக இருப்பார்.

5. கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங் ஒன்று உள்ளே இருக்கும். அதில் கிரீஸ் படவே கூடாது. பட்டால் அதன் குட்டி உருளைகள் வழுக்கும். மீன் இழுத்தால் கைப்பிடி பின்னால் ஓடும். டிராக் வாஷர்களுக்கும் கண்ட எண்ணெய் கூடாது, அதற்கென்று தனி கிரீஸ் உண்டு.

6. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை ஒரு வெள்ளைத் துணி மேல் வையுங்கள். சின்ன வாஷர் ஒன்று மிஞ்சினால் 'இது எக்ஸ்ட்ரா' என்று நினைக்க வேண்டாம். கம்பெனிக்காரன் எதையும் எக்ஸ்ட்ரா கொடுப்பதில்லை :-)

எந்த எண்ணெய்?

இதில்தான் பெரிய சண்டை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. மார்கழிக் காலையில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கிறது, ரீலுக்குள் மட்டும் ஓடுமா? நாளாக ஆக காற்றுப் பட்டுப் பிசுபிசுப்பாகி மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்டார்கள். மெதுவாகச் சுழலும் பெரிய அச்சுக்கு அது சரி. கடுகு அளவு பேரிங்குக்கு இல்லை.

இன்னொரு கூட்டம் டபிள்யூ.டி-40 அடிக்கிறது. அது நல்ல சாமான்தான், ஆனால் அதன் வேலை வேறு. 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோவில் உருவாக்கினார்கள். பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் தண்ணீரை விலக்குவது என்பதன் சுருக்கம், நாற்பது என்பது நாற்பதாவது முயற்சி. ஈரத்தை விரட்டும், துரு பிடித்த ஸ்க்ரூவை இளக்கும். கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். அதை அடித்துவிட்டு வேறு எண்ணெய் விடாமல் மூடினால் ரீலைப் பட்டினி போட்ட மாதிரி.

ரீலுக்கென்றே விற்கும் ஆயிலும் கிரீஸும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் ஆயில் பேரிங்குக்குப் போதும். அது மெல்லியது, பிசுக்கு வைக்காது. லாரி சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸ் மட்டும் வேண்டாம்.

கொஞ்சம் காமர்ஸ்

நம் பாடத்துக்கு வருவோம். ரீல் வாங்கினால் அது அசெட். வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். எண்ணெய் செலவு ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ், நேராக லாப நட்டக் கணக்குக்குப் போய்விடும். அன்றாட சர்வீஸ் செலவை அசெட்டின் மதிப்போடு சேர்க்கக் கூடாது என்று கணக்கியல் விதி ஏ.எஸ்.10 சொல்கிறது. எக்ஸாமுக்கு அது சரி. ஆனால் மனசுக்குள் இந்த விதி ஒரு வேடிக்கை செய்கிறது. புதிதாக வாங்கினால் 'சொத்து சேர்ந்தது' என்று தோன்றுகிறது. பராமரித்தால் 'செலவாகிப் போச்சு' என்று தோன்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரீல் விலை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்டு இரண்டு வருஷத்தில் போய்விட்டால் வருஷத்துக்கு 1,250 ரூபாய். கவனித்து எட்டு வருஷம் ஓட்டினால் தேய்மானம் 312.50, எண்ணெய் கிரீஸுக்கு வருஷம் 150 வைத்தாலும் 462.50 ரூபாய்தான். வித்தியாசம் வருஷத்துக்கு 787.50. டியூஷன் எடுத்துச் செலவுக்குச் சம்பாதிக்கிற ஒரு பையனுக்கு இது சும்மா இல்லை.

எட்டு வருஷம் என்ற அந்த எண் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். 'யூஸ்ஃபுல் லைஃப் 8 இயர்ஸ்' என்று கணக்குக் கேள்வியில் ஒரே வரியில் கொடுத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது யாரோ ஒருவர் கையில் இருக்கும் எண்ணெய்க் குப்பி.

இதற்கு எதிராகச் சொல்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 500 ரூபாய் ரீலுக்கு உதிரிபாகமே கிடைக்காது, அதைப் பராமரித்து என்ன பயன் என்பார்கள். ஓரளவு உண்மை. அதனால்தான் வாங்கும்போதே பெட்டிக்குள் பாகங்கள் எண் போட்டுப் பிரித்து வரைந்த தாள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். அந்தத் தாளைக் கொடுக்கிற கம்பெனி, இது திறக்கக்கூடிய பொருள் என்று ஒத்துக்கொள்கிறது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்தார்கள். ரீல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் உரிமையை வாங்கும்போதே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'அடிக்கடி கழற்றினாலும் கெடும்' என்பதும் உண்மை. புது ரீலை முதல் வாரமே பிரித்துப் போடுவது பராமரிப்பு இல்லை, குடைச்சல். கழுவுவது, ஒரு சொட்டு விடுவது அடிக்கடி. முழுதாகத் திறப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. போதும்.

தேதி யார் குறிப்பது?

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய வருஷங்கள். குடவோலை முறை என்று எல்லோரும் தேர்தலை மட்டும் பேசுகிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? அதில் ஒன்று ஏரி வாரியம், ஏரியைக் கவனிக்க ஆறு பேர். அவர்களுக்குக் காலம் 360 நாள். முடிந்ததும் இறங்க வேண்டும், அடுத்தவர் வருவார். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்கவே முடியாது, அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. (ஆடிட்டிங் படிக்கிறவர்கள் கவனிக்கவும்!)

ஏரி பெரியது, ரீல் கையளவு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆள், ஒரு காலக்கெடு, ஒரு கணக்கு. இந்த மூன்றும் இருந்தால்தான் பராமரிப்பு நடக்கும்.

ரீலுக்கு ஆள் நாம். கணக்குக்கு ஸ்பூல் பெட்டி மூடியில் ஒட்டிய ஒரு துண்டுத் தாள் போதும். காலக்கெடு? அதுவும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஆயுத பூஜை. வடகிழக்கு மழை தொடங்குவதற்குச் சற்று முன், சொல்லிவைத்த மாதிரி வருகிறது. தறி, லேத்து, லாரி, சைக்கிள் கடை ஸ்பேனர் வரை எல்லாம் அன்றைக்குத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வாங்குகின்றன. வெளியே பொட்டு வைக்கிற நாளில் உள்ளேயும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் என்ன? ஏரி வற்றி ரீல் பரணுக்கு ஏறும்முன் இன்னொரு தடவை கழுவி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தேதி, முடிந்தது.

அன்றைக்கே பழைய நரம்பையும் மாற்றிவிடலாம். ஆனால் கழற்றிய நரம்பைக் கரையில் வீசாதீர்கள். நைலான் மக்காது. நமக்குப் பக்கத்திலேயே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. அங்கே வரும் பறவைகள் இரை தேட நம் ஏரிகளுக்குத்தான் வருகின்றன. காலில் நரம்பு சுற்றிய நாரையால் அதை அவிழ்க்க முடியாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, வீட்டுக் குப்பையில் போடுங்கள். ரீலை மட்டும் பளபளவென்று வைத்துக்கொண்டு ஏரியைக் குப்பையாக்கினால் அது என்ன பராமரிப்பு?

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் சுற்றிப் பாருங்கள். ரீல் இல்லாவிட்டால் தையல் மெஷின், மிக்ஸி, சீலிங் ஃபேன், அப்பாவின் பழைய சைக்கிள் ஏதாவது இருக்கும். அதைக் கடைசியாக யார் திறந்து பார்த்தது, எந்தத் தேதியில்? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் இந்த ஆயுத பூஜைக்கு ஒரு குப்பி தையல் மெஷின் ஆயில் வாங்கிவிடுங்கள்.

பி.கு: ஏரியில் மீன் குத்தகை விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். அவர் ரீலைப் பிடுங்கிக்கொண்டால் எந்த எண்ணெயும் உதவாது :-)